மாட்டுவண்டியில் ஏறிய விண்கலம்: விண்வெளிக் கட்டைகளுக்கும் கதைகளுக்கும் புதிதாக வருபவர்களுக்கு

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் சோபாவுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே லெகோ கட்டையில் கட்டிய ஒரு நிலாத்தளம் மூன்று வருடமாகக் குடியிருக்கிறது. வீடு பெருக்க வருகிற அக்கா அதைச் சுற்றிக்கொண்டு பெருக்குவார். "உங்க ராக்கெட்டோட சக்கரம் ஒண்ணு சோபாக்கடியில கிடந்துச்சும்மா, ஜன்னல்ல வச்சிருக்கேன்" என்பார். ராக்கெட்டுக்கு ஏது சக்கரம் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நாற்பது தாண்டியவள் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டை அடுக்குவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் சிலர் இப்போது போன் பண்ணி, "எந்த செட் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த செட் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கலத்தில் யார் உட்காரப் போகிறார், அவருக்கு என்ன சங்கடம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். அது தெரிந்துவிட்டால் ஐம்பது கட்டையிலேயே வேலை ஆகும்.

பெட்டியில் இல்லாத கதை

கொஞ்சம் பழங்கதை. இது தெரியாமலும் கட்டலாம். ஆனால் இந்த ஆர்வம் உள்ள நாலு பேர் நடுவே உட்கார்ந்தால் திருதிருவென்று முழிக்க வேண்டியிருக்கும்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சிற்றூரில் 1932இல் ஒரு தச்சர் தொடங்கிய நிறுவனம் லெகோ. இன்று நாம் கையில் எடுக்கும் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை விண்ணப்பம் போட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1978இல், கையும் காலும் அசைகிற குட்டி மனித உருவம் வந்தது. 'மினிஃபிகர்' என்பார்கள். அதே வருடம் அந்தக் குட்டி மனிதர்கள் ஏறி உட்கார விண்வெளி வரிசையும் வந்தது. இரண்டிலும் யென்ஸ் நைகார்ட் குனுட்சென் என்ற வடிவமைப்பாளரின் கை உண்டு. 2020இல் காலமானார்.

அந்த முதல் வரிசைதான் 'கிளாசிக் ஸ்பேஸ்'. நீலமும் சாம்பலும் கலந்த கலங்கள், மஞ்சள் கண்ணாடி, சிவப்பிலும் வெள்ளையிலும் உடுத்திய வீரர்கள். பிறகு மஞ்சள் உடை வந்தது, 1984இல் நீலமும் கறுப்பும். நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு கிரகம், அதைச் சுற்றி ஓடும் சிவப்புக் கலம். 1979இல் வந்த 'கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்'தான் அந்த வரிசைக்குத் தேர் மாதிரி. அதையே பெரிதாக்கி 2022இல் 1,254 துண்டுகளில் மறுபடி வெளியிட்டார்கள். சின்ன வயதில் கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சம்பளம் வாங்கும் வயதில் போய் வாங்கினார்கள்.

இந்த வீரர்கள் யார், எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று அந்தப் பெட்டிகள் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே முகம்: இரண்டு கறுப்புப் புள்ளி, ஒரு சிரிப்பு. பெட்டியின் பின்பக்கத்தில் அதே துண்டுகளில் செய்யக்கூடிய வேறு சில கலங்களின் படம் மட்டும் இருக்கும், எப்படிச் செய்வது என்று இருக்காது. கதை எழுதுகிற ரசிகர்கள் கிளம்பியதே இந்தக் காலி இடத்திலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு அணிகள் வந்தன. 1987இல் கறுப்பும் மஞ்சளுமாக 'பிளாக்ட்ரான்', 1989இல் அவர்களைப் பிடித்து அடைக்கும் ஜெயில் அறையோடு 'ஸ்பேஸ் போலீஸ்', 1990இல் காந்தத்தால் சாமான் தூக்கும் 'எம்-ட்ரான்'. 1993இல் வந்ததன் பெயர் 'ஐஸ் பிளானட் 2002'. ஆரஞ்சுக் கண்ணாடி, காலில் பனிச்சறுக்குப் பலகை, கையில் மோட்டார் ரம்பம். எதிர்காலம் என்று அவர்கள் போட்ட 2002 நமக்கெல்லாம் பழைய காலண்டர் ஆகிவிட்டது. 1999லிருந்து ஹாலிவுட் பட உரிமத்தோடு கலங்கள் வர ஆரம்பித்தன. அழகானவைதான். ஆனால் அவற்றில் யார் நல்லவன், யார் கெட்டவன், கடைசியில் யார் யாருக்கு அப்பா என்பது வரை முடிவாகியே வருகிறது. புதிதாக வருபவர் அதில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி.

வாங்குவது, கழுவுவது

ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் 'கிரியேட்டர்' வரிசையில் மூன்று விதமாகக் கட்டும் விண்வெளிப் பெட்டி ஏதாவது ஒன்று வாங்குங்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கட்டிப் பிரித்தால், ஒரே துண்டு மூன்று இடத்தில் மூன்று வேலை பார்ப்பது கைக்குப் புரியும். பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம். கட்டையின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தைக் குமிழ் என்போம். இரண்டு குமிழ் அகலம், நாலு குமிழ் நீளம் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தாலே அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணித வல்லுநர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கட்டை பற்றாது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிற வழி அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழு. வெளிநாடு மாற்றலாகிப் போகிறவர்கள் "வீடு காலி பண்றோம்" என்று போடும் பட்டியலில் சைக்கிளுக்கும் மைக்ரோவேவுக்கும் நடுவே ஒரு பை கட்டை இருக்கும். பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள். வந்ததும் சோப்புத் தண்ணீரில் கையால் கழுவணும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது, வாஷிங் மெஷின் ஆகாது. மொட்டை மாடி வெயிலிலும் போடாதீர்கள், வெள்ளையும் சாம்பலும் பழுத்த நிறத்துக்குப் போய்விடும். பழைய வேட்டியில் பரப்பி ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் போதும்.

சிக்பேட்டை மொத்தக் கடைகளில் வேறு கம்பெனிக் கட்டைகளும் கிடைக்கும். அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், இணையும் கட்டையைத் தன் பெயரில் விற்பதில் தப்பில்லை. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதைப் பாருங்கள். கடைக்காரர் விட்டால் பத்துக் கட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடிக்கட்டையை மட்டும் பிடித்துப் படுக்கவைத்துப் பாருங்கள். நடுவில் தொங்கினால் அந்தக் கட்டையில் இறக்கை நிற்காது.

வெளிநாட்டிலிருந்து உதிரித் துண்டு வரவழைப்பதை முதல் வருடம் மறந்துவிடுங்கள். பொம்மைக்கான அடிப்படை சுங்க வரி 2020இல் 20லிருந்து 60 சதவீதமாகி, 2023இல் 70 ஆனது. நான் ஒருமுறை மஞ்சள் கண்ணாடி நாலுக்கு ஆசைப்பட்டு வரவழைத்தேன். வரி, கையாளும் கட்டணம் என்று வாசலில் கேட்ட தொகையில் இங்கேயே இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம். என் கணவர் அந்த நாலு கண்ணாடியையும் இன்றுவரை "தங்கப்பல்" என்றுதான் சொல்கிறார்.

பிரித்து வைப்பது

நிறவாரியாகப் பிரிக்காதீர்கள், வடிவவாரியாகப் பிரியுங்கள். எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இது. சாம்பல் குவியலுக்குள் ஒரு சின்னச் சாம்பல் துண்டைத் தேடுவது அரிசியில் கல் பொறுக்குவது போல. அதே துண்டு தன் வடிவக் கூட்டத்தில் கிடந்தால் நிறத்தைக் கண் தானாக எடுத்துக்கொடுக்கும். கொக்கி, கீல், குழாய் மாதிரிச் சின்னச் சாமானுக்கு அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியைவிட நல்ல டப்பா நான் பார்த்ததில்லை. என்ன, ஸ்பேஸ் போலீஸுக்கு இன்னும் சீரக வாசனை.

எட்டு மில்லிமீட்டர்

கணக்கு கொஞ்சம்தான், ஆனால் மனப்பாடம் பண்ணிவிடுங்கள். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தட்டையான 'பிளேட்' 3.2 மி.மீ., ஆக மூன்று பிளேட் ஒரு கட்டை. குமிழ் இல்லாமல் வழவழப்பாக இருப்பது 'டைல்', சாய்வாக இருப்பது 'ஸ்லோப்'.

இதில் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழின் அகலமும் 16 மி.மீ. அதாவது ஐந்து பிளேட் அடுக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இரண்டு குமிழ் இடத்தில் பல்லுக்குப் பல் உட்காரும். பக்கத்தில் குமிழ் உள்ள துண்டு ஒன்றிரண்டு இருந்தால், கலத்தின் விலாவில் டைல்களைச் செங்குத்தாக ஒட்டி வழவழப்பான உலோகத் தகடு போல ஆக்கிவிடலாம். 'ஸ்நாட்' என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் வித்தை இதுதான். முதல் மாதத்திலேயே முயன்று பாருங்கள், அதற்கப்புறம் எல்லாக் கட்டையையும் பக்கவாட்டில்தான் பார்ப்பீர்கள்.

அளவு பற்றி இன்னொன்று. மினிஃபிகர் சுமார் 4 செ.மீ. உயரம். ஆளை 1.7 மீட்டர் என்று வைத்தால் 42இல் ஒரு பங்கு. சந்திரயான்-3ஐ ஏற்றிப்போன எல்விஎம்3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், இந்தக் கணக்கில் கட்டினால் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். கடையில் வந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் அது 110இல் ஒரு பங்கு. (அதில் 1,969 துண்டுகள். நிலவில் கால் வைத்த வருடம்.) மாறாக, நிலவில் ஊர்ந்த பிரக்யான் 90 செ.மீ. நீளம்தான். நம் அளவில் இரண்டு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், மூன்று குமிழ் இடம். ஆறு சக்கரத்தையும் ஒரு சூரியத் தகட்டையும் மூன்று குமிழில் அடக்கிப் பாருங்கள். என் அண்ணன் மகன் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டான்.

முதல் கலம்

ஆளை முதலில் எடுங்கள். அவருக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி. அதற்குமேல் கண்ணாடி. பின்னால் எஞ்சின். கடைசியாக இறக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இறக்கையில் தொடங்கியவர்கள் எல்லோரும் கடைசியில் ஆளைக் காலை மடக்கித் திணித்துவிட்டு "உள்ள படுத்திருக்கார்" என்று சமாளித்ததைப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

முப்பது நாற்பது துண்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு கலத்தை ஒரு கையில் பிடித்து, "ஷ்ஷ்ஷ்" என்று வாயால் சத்தம் போட்டுக்கொண்டு சமையலறை வரை ஓடித் திரும்புங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகம் பூராவும் இந்த ஆட்கள் செய்யும் பரிசோதனை இது, 'ஸ்வூஷ்' என்று பெயர். வழியில் என்ன விழுந்ததோ அதுதான் அடுத்து நீங்கள் பலப்படுத்த வேண்டிய இடம்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கோ, பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம் எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்கோ போய்வாருங்கள். விமானத்தை முழுசாகப் பார்க்காதீர்கள். மாருத் போர் விமானத்தின் சக்கரக்கால் எங்கே மடங்குகிறது, மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, தகடுகள் சேரும் கோடு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு மூட்டுப் பகுதியை மட்டும் கட்டிப் பாருங்கள்.

கதை எங்கிருந்து வரும்

இந்த ஊரில் இருந்துகொண்டு விண்வெளிக் கதைக்கு அலைய வேண்டாம். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவை பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் செய்தார்கள். 1975 ஏப்ரல் 19இல் அது மேலே போனது. சந்திரயான் பேசுவதைக் கேட்கும் 32 மீட்டர் ஆன்டெனா பெங்களூருக்கு வெளியே பயலாலு கிராமத்தில் நிற்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது மாட்டுவண்டி.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஆப்பிள்' என்ற தொலைத்தொடர்பு செயற்கைக்கோளை ஒரு மாட்டுவண்டியின்மேல் நிறுத்தி வைத்திருப்பார்கள். 1981 ஜூன் 19இல் ஏரியான் ராக்கெட்டில் ஏறிப் போன கோள் அது. ஏழை நாடு, லாரிக்குக் காசில்லை என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதாத ஆளில்லை. காரணம் வேறு. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது அடியில் லாரி மாதிரி பெரிய இரும்புச் சாமான் இருந்தால் அளவு தப்பும். மரவண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

இதை அண்ணன் மகனிடம் சொன்னேன். ஒன்பது வயது. கொஞ்ச நேரம் நிலாத்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, நம்ம தளத்துல எல்லாமே இரும்புதானே? அப்ப ஆன்டெனா கெட்டுப்போனா எதுல வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க?"

கதை வந்துவிட்டது. கவனியுங்கள், அவன் வில்லனைக் கேட்கவில்லை, சண்டையைக் கேட்கவில்லை. ஒரு சாமான் வேலை செய்யவில்லை, அதைச் சரிபண்ண வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது. ரசிகர் கதைக்கு இதைவிடப் பெரிய முடிச்சு தேவையில்லை. புதியவர்கள் பிரபஞ்சப் போரில் தொடங்கி மூன்றாவது படத்தில் கட்டை தீர்ந்து நிற்பார்கள்.

எழுதும் வடிவத்துக்கு நான் சொல்வது நாட்குறிப்பு. ஒரு படம், அதற்குக் கீழே ஒன்றிரண்டு வரி. எட்டு படத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் எழுதியதில் ஒரு பகுதியைத் தருகிறேன்:

நாள் 212. பூமியைக் கூப்பிட்டோம். இரைச்சல்தான் பதில்.

நாள் 213. ஆன்டெனா நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அதைச் சோதிக்க இரும்பில்லாத வண்டி வேண்டும். தளத்தில் பதினோரு வண்டி இருக்கிறது. எல்லாம் இரும்பு.

நாள் 214. தலைவர் தன் கட்டிலைக் கழற்றினார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே மரச்சாமான்.

நாள் 215. வண்டி தயார். மாடு?

நாள் 215, மாலை. நாங்கள்தான்.

"நாங்கள்தான்" என்ற இடத்தில் சிவப்பு உடைக்காரரும் வெள்ளை உடைக்காரரும் நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்து நிற்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆன்டெனாவை இரண்டு பேர் எப்படி இழுப்பார்கள் என்று நான் தயங்கினேன். "நிலால எடை ஆறுல ஒரு பங்குதானே அத்தை" என்று அவன் என் வாயை அடைத்துவிட்டான்.

இனி கட்டுவதைப் பாருங்கள். கதை முடிவானதும் நிறமும் தானே முடிவாகிவிட்டது. தளம் முழுக்க நீலமும் சாம்பலும், வண்டி மட்டும் பழுப்பு. அதைப் பார்த்ததுமே இது வேறு ஊர்ச் சாமான் என்று தெரியும். எங்களிடம் ஆரக்கால் வைத்த வண்டிச் சக்கரம் இல்லை. வட்டப் பிளேட்டுகளைச் சேர்த்துச் செய்த சக்கரம் சப்பையாகத்தான் இருந்தது. கட்டில் பலகையில் செய்த வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். கட்டிலைக் கழற்றும் படத்துக்கு முந்தைய படத்தில் அந்தக் கட்டில் அறையில் இருந்தாக வேண்டுமே என்று பிறகுதான் உறைத்தது. திரும்பப் போய் இரண்டாவது படத்தில் மூலையில் ஒரு பழுப்புக் கட்டில் வைத்தோம். இந்த மாதிரி முன்னால் போய் ஒரு சாமானை நட்டுவிட்டு வருவதில்தான் கதை கெட்டிப்படுகிறது.

பொம்மை விண்வெளிக்குப் போகுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2011 ஆகஸ்ட் 5இல் வியாழனை நோக்கிக் கிளம்பிய ஜூனோ ஆய்வுக்கலத்தில் அலுமினியத்தில் வார்த்த மூன்று மினிஃபிகர்கள் போயிருக்கிறார்கள். ரோமானியக் கடவுள் ஜூபிடர், அவர் மனைவி ஜூனோ, தொலைநோக்கியோடு கலிலியோ. 2016 ஜூலையில் வியாழனைச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் யாராவது ஒருவரின் நாட்குறிப்பை எழுதிப் பாருங்களேன்.

சிரிப்பு என்ற தொல்லை

"ஆக்சிஜன் தீரப்போகுதுன்னு சொன்னீங்க, இவர் ஏன் சிரிச்சிட்டே இருக்கார்?" இதுவும் அண்ணன் மகன் கேட்டதுதான்.

1989இல் கடற்கொள்ளைக்காரர் வரிசை வந்த பிறகுதான் மினிஃபிகர் முகத்தில் வேறு பாவங்கள் வந்தன. பழைய வீரர்கள் உலகமே இடிந்தாலும் சிரிப்பார்கள். உடம்பும் ஒத்துழைக்காது. தலை இடம் வலம் திரும்பும், குனியாது. தோள் சுழலும், முழங்கை கிடையாது. இடுப்பு மடங்கும், முழங்கால் கிடையாது.

அதனால் துக்கத்தை வேறு வழியில் காட்டணும். ஆளை முதுகுப் பக்கமாக எடுங்கள். உட்காரவைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள், ஆள் ஓய்ந்துபோனது சொல்லாமலே தெரியும். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் தலையை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டால் மனஸ்தாபம். பாதத்தின் முன்பக்கம் ஒரே ஒரு பிளேட்டைக் குறைத்துக் கொடுத்தால் ஆள் முழுசாக முன்னால் சாய்வார், வண்டி இழுக்கிற சாய்வு அப்படிக் கிடைத்ததுதான். அந்த மாறாத சிரிப்பு அப்போது வேறு மாதிரித் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற மனுஷன் போல.

படம் எடுப்பது

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் மேஜையைத் தொடுகிற உயரத்துக்கு வரும், அதாவது மினிஃபிகரின் கண்மட்டம். மேலிருந்து எடுத்தால் பொம்மை, கண்மட்டத்தில் எடுத்தால் ஆள். மொத்த வித்தையில் பாதி இதிலேயே முடிந்தது.

நிலா மண்ணுக்கு நான் பட்ட பாடு பெரிது. முதலில் ராகி மாவு தூவினேன். நிறம் அச்சு அசலாக இருந்தது, சாயங்காலத்துக்குள் எறும்பு வரிசை தளத்தைப் பிடித்துவிட்டது. அடுத்து கோலமாவு. கல்லுமாவு என்பதை யோசிக்கவில்லை. படம் எடுத்து முடித்துத் துடைத்தபோது தங்கப்பல்லில் ஒன்று முழுக்கக் கீறல். மூன்றாவதாக ஹார்டுவேர் கடையில் கறுப்புச் சாம்பல் உப்புத்தாள் இரண்டு வாங்கி, கசக்கி, பின்னால் மேடுபள்ளமாக நிறுத்தினேன். முன்னால் ஆட்கள் நிற்க மட்டும் சாம்பல் பிளேட். படத்தில் எங்கே பிளேட் முடிகிறது, எங்கே உப்புத்தாள் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கட்டை அதன்மேல் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானத்துக்கு ஓட்டைக் குடை. நிஜமாகத்தான். கம்பி முறிந்த பழைய கறுப்புக் குடையின் துணியைப் பிரித்து, கோணி ஊசியிலும் தையல் ஊசியிலும் கண்டபடி குத்தி, பின்னால் ஒரு டேபிள் லாம்ப். பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம் இரண்டும் கிடைக்கும். வரிசையாகக் குத்திவிடாதீர்கள், கல்யாண மண்டபம் போல ஆகிவிடும்.

நிலவில் காற்று கிடையாது, அதனால் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழும். ஒரே விளக்கு, ஒரே பக்கத்திலிருந்து. பூமிக் காட்சிக்கு அதே விளக்கின் முன் வெண்ணெய்த்தாள் பிடித்தால் நிழல் மெத்தென்று ஆகும்.

அசையும் படமாகச் செய்ய ஆசைப்பட்டால் நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நொடிக்கு 120 தடவை பொம்மையை நகர்த்தணும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். பெங்களூர் மேகம் நிமிடத்துக்கு ஒருமுறை மனசு மாறும், ஓட்டிப் பார்த்தால் தளத்தில் யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தது போல இருக்கும். திரையை இழுத்துவிட்டு விளக்கை மட்டும் வைத்து எடுத்தோம். எண்பத்தேழாவது படத்தில் கரண்ட் போனது. இருட்டில் போனைத் தேடுகையில் அண்ணன் மகன் வண்டியைத் தட்டிவிட்டான். கதையில் அச்சு முறிந்து ஒரு நாள் தாமதமானது என்று ஒரு குறிப்பு இருக்கும். அது அப்படி வந்ததுதான்.

இன்னும் சில

கட்டை வாங்குவதற்கு முன் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்க்கலாம். 'எல்டிரா' என்ற இலவச மென்பொருளை ஜேம்ஸ் ஜெசிமன் 1995இல் எழுதினார், இரண்டே வருடத்தில் இறந்துபோனார். அவர் போட்ட அடித்தளத்தில் இன்றும் ரசிகர்கள் துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள். உதிரித் துண்டுச் சந்தையான 'பிரிக்லிங்க்' தரும் 'ஸ்டுடியோ'வும் இலவசம், புதியவர்களுக்கு அதுதான் எளிது. அதில் கலம் காற்றில் மிதந்தபடி நிற்கும், உண்மையில் கீழே விழும். இதை மறக்காதீர்கள்.

எந்த மாதம் எதைக் கட்டுவது என்று ரசிகர்களுக்கு ஒரு பஞ்சாங்கமும் உண்டு. பிப்ரவரியில் சக்கர வண்டிகள். செப்டம்பரில் 100 குமிழ் நீளத்துக்குக் குறையாத பெரிய கப்பல், அதாவது 80 செ.மீ. நவம்பரில் முன்னால் இரண்டு கூர்முனை நீட்டிய போர்க்கலம், இளவயதில் இறந்த ஒரு கட்டுநரின் நினைவாக. முதல் வருடம் பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 செ.மீ. கப்பலை எங்கே நிறுத்துவது என்று வீட்டில் கேட்பார்கள்.

கதையை வெளியே காட்டும்போது இது ரசிகர் செய்தது என்று தெளிவாக எழுதுங்கள். கம்பெனியின் பெயரையோ சின்னத்தையோ உங்கள் கதைத் தலைப்பில் வைக்க வேண்டாம், அவர்கள் அதில் கறாராக இருப்பார்கள். இன்னொருவர் வடிவத்தைப் பார்த்துக் கட்டினால் அவர் பெயரைப் போடுங்கள். கலத்துக்குப் பெயரைத் தமிழிலேயே வையுங்கள். எங்கள் ஆன்டெனா வண்டியின் பெயர் 'கட்டில்'.

கடைசியாக, பிரிக்கும்போது ஒரு விஷயம். பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள், அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெம்பி இருக்கிறது. பழைய வீரர்கள் யாராவது உங்கள் கைக்கு வந்தால் தலைக்கவசத்தைத் தாடைப்பட்டை பிடித்து இழுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பட்டை மெல்லிசு, பெரும்பாலும் அங்கேதான் விரியும். உச்சியில் இரண்டு விரல் வைத்து நேராக மேலே தூக்குங்கள்.